ஒரு சுரத்துக்காக ஒரு நாயனம்

சிராங்கூன் சாலைக் கோயில்களில் மாலைப் பூசை நேரத்தில் கேட்கும் நாதஸ்வர ஒலி நமக்குப் பழகிப்போன ஒன்று. வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டிருப்போம். சீனிவாசப் பெருமாள் கோயிலில் உறவினர் திருமணத்துக்குப் போனபோதும் கேட்டிருப்போம். கனமான, அகலமான ஒலி. மனிதக் குரலைப் போலவே வளைந்து, இழைந்து வரும். நூற்றாண்டுக் கணக்கில் அது இப்படியே ஒலித்து வருகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாதஸ்வரம் பழைய வாத்தியம்தான். ஆனால் நாம் இன்று கேட்கும் அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலிக்கு நம் தாத்தா பாட்டியின் வயதுதான் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ரசிகர்கள் அழைத்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

இசைக்குழுவில் சேரும் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கருவி வாங்கலாம் என்பது. இரண்டாவது, அதன் ஒலியை எப்படி மெருகேற்றலாம் என்பது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

பாடக் கற்றுக்கொண்ட வாசிப்பாளர்

ராஜரத்தினம் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி பிறந்தார். காவிரி பாயும் பழைய தஞ்சை மாவட்டத்தின் இசை வேளாளர் குடும்பம். இளம் வயதிலேயே தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையிடம் வளரத் தொடங்கினார். நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீன மடத்தின் நாதஸ்வர வித்துவான். டி.என். என்ற தலைப்பெழுத்துகளில் முதலாவது ஊரையும் இரண்டாவது வளர்த்த மாமனையும் குறிக்கின்றன.

நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை என்றாலும் அவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பெரும் வயலின் மேதையான திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் பாடப் பயின்றார். பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம் கற்றார். இந்த வரிசை முக்கியமானது. பாடத் தெரிந்த ஒருவர் குழலை வாயில் வைக்கும்போது, தொண்டையில் வருவது குழலிலும் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார். அன்றிருந்த குழல் அதற்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை.

தெருவுக்கான குழல்

அந்தக் காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது திமிரி நாயனம். நாயனம் என்பது நாதஸ்வரத்துக்கு ஊர் வழக்கில் உள்ள பெயர். திமிரி குட்டையானது, உச்சத்தில் ஒலிப்பது. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது நம் மரபு. திமிரியின் சுருதி நான்கு கட்டைக்கு மேல், ஐந்து கட்டை அளவில் இருக்கும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இடைவெளி புரியும்.

அந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. கோயில் நாதஸ்வரம் திறந்தவெளி வாத்தியம். சுவாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றிவரும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஊரின் கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும். கூடவே தவில் முழங்கும். கூர்மையான, உரத்த ஒலிதான் அந்த வேலைக்கு ஏற்றது.

அந்த வேலையோடு ஒரு நிலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக் கலைஞர்கள் நடந்துகொண்டும் நின்றுகொண்டும் வாசிக்க வேண்டும். சட்டை அணியாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன் நிற்க வேண்டும். பாடகர்களும் வயலின் வித்துவான்களும் சபாக்களில் மேடையேறி அமர்ந்து கச்சேரி செய்த காலத்தில், எத்தனை ஞானம் இருந்தாலும் நாதஸ்வரக்காரரின் இடம் பந்தலின் ஓரமாகவே இருந்தது.

ராஜரத்தினம் பிள்ளை இதை ஏற்கவில்லை. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். கோட்டு அணிந்தார். பாடகர்களுக்கு இணையாக மேடையில் அமர்ந்து வாசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். ஆடம்பரக்காரர், கர்வி என்று அவரைப் பற்றிப் பல கதைகள் உலவின. அவற்றில் எத்தனை உண்மையோ, அந்தப் பிடிவாதத்தால் பயன் பெற்றவர்கள் அவருக்குப் பின்னால் வந்த எல்லா நாதஸ்வரக் கலைஞர்களும்தான்.

மேடையில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. அரங்குக்குள் உட்கார்ந்து ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துச் சொல்ல, தெருவுக்காகச் செய்யப்பட்ட குழல் பொருந்தாது. காதருகே கேட்கும்போது உச்சச் சுருதி களைப்பைத் தரும். ஆகவே, மரியாதைக்கான அவருடைய போராட்டமும் தாழ்ந்த சுருதிக்கான தேடலும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நீளமும் சுருதியும்

குழலின் நீளம் கூடினால் சுருதி இறங்கும். உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் நாம் படிக்கும் பாடம்தான் இது. ஓர் எடுத்துக்காட்டு: ஐந்து கட்டை என்பது மேற்கத்திய இசையின் ‘ஜி’ சுரம், நொடிக்கு ஏறத்தாழ 392 அதிர்வுகள். இரண்டு கட்டை என்பது ‘டி’, ஏறத்தாழ 294 அதிர்வுகள். இரண்டுக்கும் உள்ள விகிதம் நான்குக்கு மூன்று. அப்படியானால் ஐந்து கட்டைக் குழலை இரண்டு கட்டைக்கு இறக்க, அதன் நீளத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

பேஸ் கித்தார் வாசிப்பவர்களுக்கு இந்த விகிதம் பழக்கமானதாக இருக்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் மின்கித்தாரில் தந்தியின் அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். அதே நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் கித்தாரில் அது முப்பத்துநான்கு அங்குலம். அதுவும் நான்குக்கு மூன்றுதான். அதற்கும் கீழே இறங்குவதற்காகத் தந்திகளைத் தடிமனாக்கினார்கள். தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பெரிய உடல் வேண்டும் என்பது எல்லா வாத்தியங்களுக்கும் பொதுவான விதி.

ஆனால் நாதஸ்வரத்தில் நீளத்தைக் கூட்டினால் மட்டும் வேலை முடியாது. அதில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே, விரல் படாத ஐந்து துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் ஒலியைச் சரிசெய்வார்கள். குழல் நீண்டால் துளைகளுக்கு இடையிலான தூரமும் நீளும், விரல்கள் எட்ட வேண்டும். ஒரு துளையைச் சற்று நகர்த்தினாலும் பெரிதாக்கினாலும் பக்கத்துச் சுரங்களும் மாறும். ஊதும் முனையில் பொருத்தும் சீவாளியும் புதிய குழலுக்கு ஏற்ப மாற வேண்டும். சீவாளி என்பது ஆற்றங்கரை நாணல் வகையிலிருந்து செய்யப்படும் சிறு ஊதுவாய். அதைச் செய்வதில் திருவாவடுதுறையே பெயர் பெற்ற ஊர்.

பிடிவாதமான மத்திமம்

நீளத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அது மத்திமம், அதாவது ‘ம’ என்ற சுரம்.

கர்நாடக இசையில் மத்திமம் இரண்டு வகை. தாழ்ந்தது சுத்த மத்திமம், அதற்கு அரைச்சுரம் மேலே இருப்பது பிரதி மத்திமம். பழைய நாயனங்களில் சுத்த மத்திமம் தன் இடத்தில் நிற்காமல் சற்று மேலே சாய்ந்தே ஒலித்தது. வாசிப்பவர் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் அதை இழுத்துப் பிடித்துக் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு சுரத்தில் நொடி நேரம் தொட்டுச் செல்லும்போது இது பெரிதாகத் தெரியாது. அந்தச் சுரத்திலேயே நின்று ராகத்தைக் கட்ட நினைத்தால் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான்.

ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிப்போன ராகம் தோடி. அவர் வாசித்த தோடியைக் கேட்பதற்காகவே மக்கள் விடியும்வரை காத்திருந்தார்கள். அந்தத் தோடியில் வருவது சுத்த மத்திமம். குழல் எந்தச் சுரத்தைத் தர மறுத்ததோ, அதே சுரம் வேண்டிய ராகத்தையே அவர் தம் உயிராக வைத்திருந்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் புகழின் உச்சியில் இருந்தவர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் உடன் வாசித்தார்கள். ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்ற பாடகர்கள் அவர் வாசிப்பைக் கேட்டுத் தங்கள் பாட்டின் பாணியை அமைத்துக்கொண்டார்கள். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். 1947ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்ற வேளையில் திருவாவடுதுறை ஆதீனக் குழுவினருடன் டெல்லிக்குச் சென்று வாசித்தார். மூச்சாலேயே குறையை மறைக்கத் தெரிந்தவருக்குப் புதிய குழல் எதற்கு? ரசிகர்கள் யாரும் குறை சொல்லவில்லையே! ஆனாலும் அவர் காதுக்கு அந்தக் குறை தெரிந்தது. அவர் தேடுவதை நிறுத்தவில்லை.

நரசிங்கம்பேட்டைப் பட்டறை

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், திருவாவடுதுறைக்கு அருகிலேயே நரசிங்கம்பேட்டை என்ற சிற்றூர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். அங்குள்ள ரங்கநாதன் ஆசாரியிடம்தான் ராஜரத்தினம் பிள்ளையின் தேடல் முடிந்தது.

அவ்வூரில் நாதஸ்வரம் செய்யப் பயன்படுத்துவது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. நாளாக ஆக வளையும், வெடிக்கும். இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து எடுத்த தூண்களையும் உத்தரங்களையும் வாங்குவார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்து, இனி அசைய ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த கட்டை அது. அதைக் கடைசல் பிடித்து உருட்டி, மேலே குறுகியும் கீழே அகன்றும் போகும்படி உள்ளே குடைந்து, துளையிடுவார்கள். அடியில் அணைசு என்ற அகன்ற வாயைப் பொருத்துவார்கள்.

வாசிப்பவரின் காதும் செய்பவரின் கையும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, சுத்த மத்திமம் தானாகவே தன் இடத்தில் நிற்கும் பாரி நாயனம் 1955ஆம் ஆண்டில் உருவானது என்று நாதஸ்வர வரலாறு சொல்கிறது. நீளம் ஏறத்தாழ இரண்டரை அடி. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. திமிரியின் கூர்மை போய், பாட்டுக்குரிய கனம் வந்தது.

இதில் ரங்கநாதன் ஆசாரியின் பங்கைச் சிறிதாக்கிச் சொல்லக் கூடாது. தனக்கு என்ன ஒலி வேண்டும் என்று ஒரு கலைஞரால் சொல்ல முடியும். அதை மரத்தில் எந்த இடத்தில், எத்தனை அகலத்தில் துளைத்தால் கிடைக்கும் என்பது கைவினைஞருக்குத்தான் தெரியும். நாம் கடையில் போய் விலைச்சீட்டைப் பார்த்துக் கருவி வாங்குகிறோம். அவர் செய்பவரோடு சேர்ந்து தம் கருவியை உருவாக்கிக்கொண்டார்.

மூன்று நிமிடத் தட்டு

ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு நமக்குக் கிடைப்பது பழைய இசைத்தட்டுகளாலும் வானொலி, கச்சேரி ஒலிப்பதிவுகளாலும்தான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். இரவெல்லாம் தோடி வாசிக்கக்கூடியவர், மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்ட வேண்டும்.

அந்த ஒலிப்பதிவு முறையில் ஒட்டுவேலைக்கு இடமே இல்லை. வாசிப்பது வாசிக்க வாசிக்கவே மெழுகுத் தகட்டில் கோடாகப் பதியும். நடுவில் ஒரு சுரம் பிசகினால் வெட்டி ஒட்ட முடியாது, முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தனித்தனித் தடங்கள் கிடையாது. நாதஸ்வரம் உரக்கக் கேட்டால் வாசிப்பவர் ஒலிவாங்கியிலிருந்து தள்ளி உட்கார வேண்டும், தவில் மிஞ்சினால் தவில்காரர் தள்ளி உட்கார வேண்டும். எதிரொலி சேர்க்கவோ சுருதியைப் பின்னர் திருத்தவோ கருவி ஏதும் இல்லை. அறையில் எப்படி ஒலித்ததோ அதுதான் தட்டில்.

அவர் வாசித்த தோடி இசைத்தட்டை இணையத்தில் தேடிக் கேட்டுப் பாருங்கள். தட்டின் கரகரப்பு முதலில் உறுத்தும். பத்து நொடியில் அது மறந்துபோகும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் ஏறும் விதம், மூச்சு முடியும் இடம், சட்டென்று பறந்து இறங்கும் பிருகா எல்லாம் அப்படியே கேட்கும். அந்தத் தட்டுகள் பெரும்பாலும் பாரி நாயனம் நிறைவு பெறுவதற்கு முந்தியவை. பிடிவாதமான பழைய குழலைத் தம் மூச்சால் வழிக்குக் கொண்டுவந்த மனிதரை நாம் அவற்றில் கேட்கிறோம்.

டெட்ராய்ட்டில் ஒரு பேஸ் கித்தார்

உலகின் மறுபக்கத்தில் இதே கதை வேறு உருவில் நடந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் கித்தார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983). அவரும் முதலில் கற்றது வேறு வாத்தியம், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பேஸ். பிறகு 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைத்தான் அவர் பெரிதும் நம்பினார். தடித்த, வழவழப்பான தந்திகளைப் பழசாகும்வரை மாற்றாமல் வைத்திருந்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருடைய கித்தாரின் கம்பி நேராக ஒலிக்கலவை மேசைக்குப் போகும். நடுவில் ஒலியை உருமாற்றும் பெட்டி எதுவும் இல்லை.

உலகமே அந்தப் பாடல்களுக்கு ஆடியது, ஆனால் வாசித்தவர் பெயர் பல ஆண்டுகளாகத் தட்டுகளில் வரவில்லை. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில்தான் அது அச்சானது. அந்த வகையில், தாம் பின்னால் நிற்க மாட்டேன் என்று நாற்பதாண்டுகளுக்கு முன்பே அடம்பிடித்த ராஜரத்தினம் பிள்ளையின் கர்வம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

சிங்கப்பூரில் என் வயதுடைய இசைக்குழு நண்பர்கள் பெனின்சுலா கடைத்தொகுதியில் சனிக்கிழமை முழுவதும் சுற்றுவார்கள். பேச்சு பெரும்பாலும் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகளைப் பற்றியதாகவே இருக்கும். அந்தப் பெட்டிகள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவற்றை வைத்தும் நல்ல இசை உருவாகிறது. ஆனால் எதையும் சேர்க்காமல் ஒருமுறை பதிவுசெய்து கேட்டால், நம் விரல் எங்கே நிற்கிறது என்பதும் கருவி எங்கே ஒத்துழைக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். எந்தக் கருவி நமக்குச் சரி என்று முடிவு செய்ய அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கிடைத்ததும் பிரிந்ததும்

1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி ராஜரத்தினம் பிள்ளை சென்னையில் காலமானார். வயது 58. நிறையச் சம்பாதித்தவர், அதைவிட நிறையச் செலவழித்தவர். பெரிய சொத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. வாழ்நாளெல்லாம் தேடிய குழல் முழுமையடைந்த பிறகு அவருக்குக் கிடைத்த காலம் மிகக் குறுகியது.

முதலில் படிக்கும்போது இது சோகமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குழல் அவரோடு போய்விடவில்லை. அவருடைய சீடர் காருக்குறிச்சி அருணாசலம், 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாதஸ்வரம் வாசித்தார். ஒரு பெண் குரலும் ஒரு நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அந்தப் பாடலை நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. தெருவுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட வாத்தியம் மனிதக் குரலுக்குச் சமமாக நின்றது அங்கே தெளிவாகக் கேட்கும். 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த கலைஞர்களிடம் பாரி பரவி, கோயில்களிலும் மேடைகளிலும் திமிரியின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை தேக்காவில் அந்த ஒலி காதில் விழும்போது ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். வாசிப்பவர் ‘ம’ என்ற சுரத்தில் நிற்கும்போது அது அசையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பழைய வீட்டுத் தூண் ஒன்றைக் கடைந்து அந்தச் சுரத்துக்குச் சரியான இடம் கொடுத்தவர் ஓர் ஆசாரி. அந்த இடம் சரியில்லை என்பதைத் தம் காதால் அறிந்து, புகழ் வந்த பிறகும் சமாதானம் ஆகாமல் தேடியவர் ராஜரத்தினம் பிள்ளை.